ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

தேர்தல் தேதி அறிவித்ததும் பறக்கும் படைகள் சாலையில் இறங்கிவிடுகின்றன. சந்தைக்குப் போகும் வியாபாரியாக இருந்தாலும், ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் எடுத்து வரும் மேஸ்திரியாக இருந்தாலும், 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பணம் கருவூலத்துக்குப் போய்விடும். இதே நாட்டில்தான் கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாயை அரசியல் கட்சிகளுக்குக் கொடுத்தது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பது உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை வாக்காளர்களுக்குத் தெரியவே தெரியாது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை, அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது.

ஒரே தேர்தல் முறைக்குள் இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. அந்த லாட்டரி நிறுவனம் பணம் கொடுத்த வழி, கொடுத்தவர் பெயரை வெளியே காட்டாத தேர்தல் பத்திரம். 2024ல் அந்தத் திட்டம் ரத்தானதும், 'சரி, அந்தப் பிரச்சினை முடிந்தது' என்று நினைத்தவர்களும் உண்டு. பத்திரம் போய்விட்டது, பணம் வரும் மற்ற வழிகள் அப்படியே இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள, தேர்தல் செலவுக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை

மக்களவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம் வரை. 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட தொகைகள் இவை. டீ, பிரியாணி, நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி, ஜீப்புக்கு டீசல் என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. செலவினப் பார்வையாளர்கள் தனிப் பதிவேடு எழுதுகிறார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டு தகுதி இழப்பு.

இவ்வளவு கண்டிப்பும் வேட்பாளரோடு நின்றுவிடுகிறது. அவரை நிறுத்திய கட்சி எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு இந்தியாவில் உச்சவரம்பே கிடையாது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த ஏற்பாடு இது.

இது கவனக்குறைவால் வந்த ஓட்டை அல்ல. 1974ல் கன்வர் லால் குப்தா வழக்கில், கட்சி ஒரு வேட்பாளருக்காகச் செய்யும் செலவும் அவருடைய கணக்கில்தான் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களிலேயே அவசரச் சட்டம் வந்தது. பிறகு நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, கட்சியின் செலவை வேட்பாளர் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. 2003ல் இந்தப் பிரிவு மீண்டும் மாற்றி எழுதப்பட்டபோதும் கட்சியின் பொதுப் பிரசாரச் செலவும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வெளியிலேயே இருந்தன. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களை அறிவிக்கலாம். தலைவரின் ஹெலிகாப்டர் செலவு கட்சியின் தலையில் விழும். வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, தலைவர் அவர் பெயரைச் சொல்லி ஓட்டு கேட்டாலோதான் அந்தக் கூட்டத்தின் செலவு வேட்பாளர் கணக்கிலும் ஏறும்.

ஆகவே பெரிய பணம் கட்சி வழியாகத்தான் போகும். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, கட்சிக்கு அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதே.

கட்சிக்குப் பணம் வரும் வழிகள்

1. தனிநபர் நன்கொடை. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

2. ரொக்கம். ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சி வருமான வரி விலக்கை இழக்கும். இந்த 2,000 ரூபாயையும் மேலே சொன்ன 20,000 ரூபாயையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ரொக்கத்துக்கான வரம்பு, மற்றது பெயரை வெளியிடுவதற்கான வரம்பு. ஒரு பெரிய தொகையை 2,000 ரூபாய்க்குள் பல துண்டுகளாக்கிப் பல பெயர்களில் ரசீது போட்டால் இரண்டையும் தாண்டிவிடலாம்.

3. நிறுவன நன்கொடை. 1969ல் இந்திரா காந்தி ஆட்சியில் இது தடைசெய்யப்பட்டது, 1985ல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை கொடுக்கலாம். சராசரி லாபம் 100 கோடி என்றால் அதிகபட்சம் ஏழரைக் கோடி. லாபமே இல்லாத நிறுவனம் கொடுக்க முடியாது.

4. தேர்தல் அறக்கட்டளை. 2013ல் வந்த திட்டம். நிறுவனங்களிடம் பணம் வாங்கி, அதில் 95 சதவீதத்தை அதே நிதியாண்டில் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாரிடம் வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்ற இரண்டு பட்டியலையும் அறக்கட்டளை தாக்கல் செய்கிறது. ஆனால் எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஐந்தாவதாக 2018ல் வந்ததுதான் தேர்தல் பத்திரம்.

தேர்தல் பத்திரம்: ஒரு திட்டத்துக்காக எத்தனை சட்டங்கள் மாறின

2017 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி இதை அறிவித்தார். 2018 ஜனவரி 2 அன்று திட்டம் அரசிதழில் வெளியானது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் பத்திரம் கிடைக்கும். வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த கட்சியிடம் கொடுப்பார். கட்சி 15 நாளுக்குள் வங்கிக் கணக்கில் மாற்றிக்கொள்ளும். பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்காது.

ரொக்கத்துக்குப் பதில் வங்கி வழியாகப் பணம் வருவதால் கறுப்புப் பணம் ஒழியும் என்று அரசு சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு திட்டத்துக்காக மற்ற சட்டங்களில் என்னென்ன மாற்றினார்கள் என்று பார்த்தால்தான் முழு விஷயமும் விளங்கும்.

நிறுவனச் சட்டத்திலிருந்த 7.5 சதவீத வரம்பு நீக்கப்பட்டது. அதாவது, நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும், பெயரளவில் மட்டும் இருக்கும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் எழுத வேண்டிய கட்டாயமும் போனது, ஆகவே பங்குதாரர்களுக்கும் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் வருமான வரிச் சட்டத்தையும் திருத்தி, பத்திரம் வழியாக வந்த பணத்தின் விவரத்தைக் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டாம், பதிவும் வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். இத்தனையும் பண மசோதாவாகப் போனதால் மாநிலங்களவையால் எதையும் மாற்ற முடியவில்லை.

ரிசர்வ் வங்கி எதிர்த்தது. தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பின்னோக்கிய நடவடிக்கை என்றே சொன்னது. இரண்டு எச்சரிக்கைகளும் பயன் தரவில்லை.

அந்த ரகசியம் எல்லோருக்கும் சமமான ரகசியமாகவும் இல்லை. பத்திரம் வாங்குகிறவரின் அடையாள ஆவணங்கள் ஸ்டேட் வங்கியிடம் இருந்தன. வெறும் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் தனி எண் ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது. குற்ற வழக்கு பதிவானால் விசாரணை அமைப்பு வங்கியிடம் விவரம் கேட்கலாம் என்று திட்டமே சொன்னது. வங்கி அரசுடையது, விசாரணை அமைப்புகளும் அரசின் கீழே உள்ளவை. ஆளுங்கட்சி நினைத்தால் தெரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. எதிர்க்கட்சிக்கு அது இல்லை, வாக்காளருக்கு அறவே இல்லை. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்பது என் கருத்து.

2024 தீர்ப்பு சொன்னது என்ன

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் என்ற இரண்டு குடிமக்கள் அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கு தொடுத்திருந்தன. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரம் வாங்க மறுத்த கட்சி என்பதையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது.

தீர்ப்பின் அடிப்படை எளிமையானது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் தகவல் அறியும் உரிமையும் அடங்கும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவெடுக்க, அந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் பெரும் பணம் கொடுப்பவருக்கு ஆட்சியாளரின் கதவு திறக்கும், கொடுத்ததற்குக் கைம்மாறாகக் கொள்கையே மாறக்கூடும். நிறுவனங்களுக்கு வரம்பில்லாத அனுமதி கொடுத்ததை சமத்துவ உரிமை தரும் 14ஆம் பிரிவின்கீழ் தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். அதனால் பழைய 7.5 சதவீத வரம்பு மறுபடி உயிர் பெற்றது.

'நன்கொடை கொடுத்தவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டாமா, கொடுத்தது தெரிந்தால் எதிர்க்கட்சி பழிவாங்காதா?' என்று அரசு கேட்டது. இதை நீதிமன்றம் அப்படியே ஒதுக்கிவிடவில்லை. அரசியல் சார்பு ஒருவரின் அந்தரங்கத்தில் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு கட்சியைப் பிடித்துப்போய்ச் சிறு தொகை கொடுக்கும் குடிமகனும், காரியம் ஆக வேண்டிக் கோடிகளைக் கொடுக்கும் நிறுவனமும் ஒன்றல்ல என்றது. 20,000 ரூபாய்க்குக் கீழே பெயர் வேண்டாம் என்ற விதியே சிறு நன்கொடையாளரைக் காக்கப் போதும்.

அப்புறம் விவரங்கள் வெளிவந்த விதம். ஸ்டேட் வங்கி மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் விவரங்களைத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது ஸ்டேட் வங்கி. ஜூன் 30க்குள் மக்களவைத் தேர்தலே முடிந்துபோயிருக்கும். மார்ச் 11 அன்று மனு தள்ளுபடி ஆனது, மறுநாளே விவரம் வந்துவிட்டது! பத்திரத்தின் தனி எண்களையும் தர வேண்டும் என்று இன்னொரு முறை உத்தரவிட்ட பிறகுதான், மார்ச் 21 அன்று கொடுத்தவரையும் பெற்றவரையும் பொருத்திப் பார்க்க முடிந்தது.

2019 ஏப்ரல் 12 முதலான பட்டியலில் பா.ஜ.க. பெற்றது சுமார் 6,060 கோடி, மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி. திரிணாமூல் காங்கிரஸ் சுமார் 1,600 கோடி, காங்கிரஸ் சுமார் 1,400 கோடி. அதிகம் வாங்கிய நிறுவனம் ஃபியூச்சர் கேமிங், முதலில் சொன்ன அந்த லாட்டரி நிறுவனம். அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்த நிறுவனம் அது. தி.மு.க. பத்திரங்கள் வழியாகப் பெற்ற 656 கோடியில் 500 கோடிக்கு மேல் இந்த ஒரே நிறுவனம் கொடுத்தது. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003லிருந்தே தடை. நன்கொடையாளர் பெயர்களை ஆணையத்திடம் சொன்ன மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரும்பாலான கட்சிகள் அதைக்கூடச் செய்யவில்லை.

கொடுத்த பணத்துக்கும் கிடைத்த ஒப்பந்தங்களுக்கும் தொடர்பு உண்டா என்று சிறப்புப் புலனாய்வுக் குழு வைத்து விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே வாக்காளருக்குப் பட்டியல் கிடைத்தது, விசாரணை கிடைக்கவில்லை.

பணம் செய்தியாக மாறும் இடம்

கட்சிக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்குப் போகிறது. விளம்பரம் என்று தெரிந்து பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. செய்தி என்று நம்பிப் படிப்பது விளம்பரமாக இருப்பதுதான் ஆபத்து. இதைத்தான் பெய்டு நியூஸ் என்கிறார்கள். 2009 தேர்தல்களுக்குப் பிறகு பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக்குழு, பத்திரிகைகளின் பெயரோடு விரிவான அறிக்கை தயாரித்தது. கவுன்சில் முதலில் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது, மத்திய தகவல் ஆணையம் சொன்ன பிறகே முழு அறிக்கையும் வெளியே வந்தது. 2011ல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி சட்டமன்ற உறுப்பினர், செய்தி வடிவில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததால் மூன்று ஆண்டுக்குத் தகுதி இழந்தார்.

இப்போது மாவட்டந்தோறும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. சந்தேகத்துக்குரிய செய்தி வந்தால் 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும், அவர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பெய்டு நியூஸ்தான் என்று முடிவானால் விளம்பரக் கட்டணத்தை மதிப்பிட்டு அவர் செலவில் சேர்ப்பார்கள். இங்கேயும் பழைய ஓட்டைதான். வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் கட்சியையோ தலைவரையோ மட்டும் புகழ்ந்தால் சேர்ப்பதற்கு ஒரு கணக்கே இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. இங்கே கட்சிகளோடும் தலைவர்களின் குடும்பங்களோடும் நெருக்கமான தொலைக்காட்சிகள் 1990களிலிருந்தே உள்ளன: சன், ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று வரிசையே இருக்கிறது. சொந்த அலைவரிசையில் 24 மணி நேரமும் ஓடும் பிரசாரத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது. அரசியல் அமைப்புகள் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008, 2012, 2014 என்று மூன்று முறை பரிந்துரை செய்தது. எதுவும் சட்டமாகவில்லை.

இணையத்தில் கூகுளும் மெட்டாவும் 2019 முதல் அரசியல் விளம்பரங்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கின்றன. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று நாமே தேடிப் பார்க்கலாம். கட்சிப் பெயரில்லாமல் பொதுவான பெயரில் நடத்தப்படும் பக்கங்களுக்குப் பின்னால் யார் என்று அந்தப் பட்டியல் எப்போதும் சொல்லாது. வாட்ஸப் குழுக்களுக்கோ பட்டியலே இல்லை.

கடைசியாகக் கவரில் வருவது

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, வாக்காளர்களுக்குக் கவரில் பணம் கொடுக்கும் முறைக்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019ல் வேலூர் மக்களவைத் தொகுதியில் ரொக்கம் பெருமளவில் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று நடந்தது.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்தலாம் என்று சட்டத்தில் தெளிவாக ஒரு பிரிவு உள்ளது. பணப்பட்டுவாடாவுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. 2016லேயே தேர்தல் ஆணையம் அதைக் கேட்டது, கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அரசியலமைப்பின் 324ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்தே ஆணையம் சமாளிக்கிறது. ரத்தான தேர்தல் மறுபடி நடக்கும்போது அதே வேட்பாளர் நிற்பதற்கும் தடை இல்லை.

இங்கேதான் பேச்சு வாக்காளர் பக்கம் திரும்பும். 'காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள், இவர்களுக்கு இதுதான் கிடைக்கும்' என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஏற்கவில்லை. வாங்குவது தவறு, சட்டப்படி குற்றமும்கூட: இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. அதனாலேயே ஒரு கேடும் விளைகிறது. கவரை வாங்கிய பெண் அதைக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தால் அவரும் குற்றவாளி ஆவார். சாட்சி சொல்ல யார் வருவார்கள்? ஒரு வாரக் கூலிக்குச் சமமான தொகையை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவரைத் தேடாமல், எடுத்தவரின் ஒழுக்கத்தைப் பற்றி விவாதிக்கிறோம். நூறு கோடி கொடுத்த நிறுவனத்தின் ஒழுக்கத்தைப் பற்றித் தெருவில் யாரும் பேசுவதில்லை.

குடிமக்கள் கையில் இப்போது இருப்பவை

வேட்பாளர்களின் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால், அது எந்தக் கட்சியும் தந்த சலுகை அல்ல. அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999ல் சேர்ந்து உருவாக்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் 2002ல் கிடைத்த உரிமை அது. தேர்தல் பத்திர வழக்கிலும் முன்னால் நின்றது அதே சங்கம். நோட்டா பொத்தானும் 2013ல் பி.யூ.சி.எல். என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் வந்தது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. அன்றிருந்த ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2013 ஜூனில் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத அந்தக் கட்சிகள் இதில் மட்டும் ஒன்றுபட்டு, உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை.

தேர்தல் நேரத்தில், விதிமீறல்களைப் புகார் செய்வதற்கான தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலி பயன்படும். சம்பவ இடத்திலேயே படமோ காணொளியோ எடுத்து அனுப்ப வேண்டும், பழைய படத்தை ஏற்காது. பெயர் தெரிவிக்காமலும் புகார் செய்யலாம் என்பது, மேலே சொன்ன சாட்சிப் பிரச்சினைக்கு ஓரளவு விடை. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு.

தேர்தல் இல்லாத காலத்தில் செய்யக்கூடியதுதான் அதிகம். கட்சிகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் நன்கொடைப் பட்டியலும் தணிக்கை செய்த கணக்கும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்தால் முதலில் மூன்றைப் பாருங்கள்:

1. மொத்த வருமானத்தில் பெயரோடு வந்தது எவ்வளவு, பெயரில்லாமல் வந்தது எவ்வளவு.

2. தேர்தல் அறக்கட்டளைகளிடமிருந்து வந்த தொகை. பத்திரம் ரத்தான பிறகு பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான வழி இது. அறக்கட்டளையின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, அதற்குக் கொடுத்த நிறுவனங்கள் எவை என்று பார்க்க வேண்டும்.

3. நன்கொடை கொடுத்த நிறுவனம் அதே ஆண்டில் உங்கள் மாநிலத்திலோ மாவட்டத்திலோ அரசு ஒப்பந்தம், சுரங்க உரிமம், சாலைப் பணி எதையாவது பெற்றதா. ஒப்பந்த விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். உள்ளூர்ப் பணி என்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம், கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.